பழைய எக்ஸ்பாக்ஸை வீட்டு மீடியா சர்வராக மாற்றலாமா?

கேள்வி: 2025 ஜூன் 7
அமெரிக்காவில் இருந்த அண்ணன் 2003-இல் வாங்கிய முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸும், ஃபேட் என்று சொல்லப்படும் முதல் மாடல் பிஎஸ்3-யும் (பிளேஸ்டேஷன் 3) எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. இரண்டும் அடிப்படையில் கணினிகள்தானே? பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு இரவு பகலாக ஓடவிட்டால், வீட்டில் உள்ள எல்லாத் திரைகளுக்கும் அதுவே படமும் பாட்டும் தராதா? இவ்வளவு இருக்கும்போது புதிதாக ஒரு பெட்டி வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

2025 ஜூன் 8
கணினிகள்தான், அதில் சந்தேகமில்லை. 2001 நவம்பரில் வெளிவந்த அந்த எக்ஸ்பாக்ஸுக்குள் 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 3 வகைச் செயலி, 64 எம்பி ரேம், ஐடிஇ ஹார்ட் டிஸ்க், 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நீங்கள் "மீடியா சர்வர்" என்று சொல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. கோப்புகளை வைத்துக்கொண்டு, கேட்கும் திரைக்கு அனுப்புவது ஒரு வேலை. வந்த கோப்பைப் பிரித்துப் படமாகக் காட்டுவது வேறொரு வேலை. எக்ஸ்பாக்ஸ் பெயர் வாங்கியது இரண்டாவது வேலையில். ஆர்வலர்கள் 2002-இல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்று எழுதத் தொடங்கிய மென்பொருள், 2004 ஜூனில் எக்ஸ்பிஎம்சி (எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்) 1.0 ஆக வெளிவந்தது; 2010-இல் அந்தத் திட்டம் தான் பிறந்த எக்ஸ்பாக்ஸையே கைவிட்டுக் கணினிகளின் பக்கம் முழுதாகச் சென்றது; 2014-இல் கோடி (Kodi) என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருளும் இதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான். ஆக, இன்று நாம் மீடியா சர்வர் என்று பேசுகிற உலகத்தில் பாதி, இந்தக் கறுப்புப் பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்க நினைத்தவர்களால் உண்டானது.

என்னிடமும் அதே அமெரிக்க மாடல் ஒன்று இருக்கிறது. அதை டிவி பக்கம் வைத்துப் பயன்படுத்துகிறேன். ஹார்ட் டிஸ்க் பக்கம் வைப்பதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2025 ஜூன் 8, இரவு
முதலில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸின் மின் வழங்கி 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. பிளக் மாற்றியை மட்டும் வாங்கிச் செருகினால் நம் ஊர் 230 வோல்ட் அதை ஒரு நொடியில் முடித்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். பிஎஸ்3-ஐ வாங்கியது எங்கே என்று நீங்கள் சொல்லவில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் வோல்ட் அளவைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

2025 ஜூன் 11
கோப்புகளை அனுப்பும் வேலைக்கு எக்ஸ்பாக்ஸ் முற்றிலும் தகுதியற்றது என்று முந்தைய குறிப்பைப் படித்த ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படி இல்லை. கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்புவதற்குச் செயலி பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. ஒரு டிவிடியின் உச்ச வேகமே ஏறக்குறைய 10 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் கம்பிவழியில் அத்தகைய ஓட்டங்கள் நாலைந்து தாராளமாகப் போகும். எக்ஸ்பிஎம்சிக்குள்ளேயே எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்றச் சர்வர் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினால், விண்டோஸ் கணினிகளோடு கோப்புறைகளைப் பகிரும் சாம்பா மென்பொருளும் ஓடும். முடியாதது எதுவென்றால் டிரான்ஸ்கோடிங், அதாவது கேட்கும் கருவிக்கு ஏற்றவாறு படத்தை அந்தக் கணத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்றவற்றை மக்கள் நாடுவதே பெரும்பாலும் இதற்காக. 64 எம்பி ரேமை வரைகலைச் சில்லோடு பங்கிட்டுக்கொள்ளும் ஒரு கருவியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

காட்டும் வேலையிலும் எல்லை உண்டு. எம்பெக்2, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் ஆகிய பழைய படச் சுருக்க வகைகளைச் சாதாரண டிவிடி அளவில் சிரமமின்றி ஓட்டும். 720பி என்ற உயர்தெளிவு அளவிலான, அவற்றுக்குப் பின் வந்த எச்.264 வகைக் கோப்பைக் கொடுத்தால் படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகும். எச்.265 பற்றிப் பேசவே வேண்டாம்.

2025 ஜூன் 14
ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்க் 8 அல்லது 10 ஜிபி. அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கடவுச்சொல்லை உருவாக்கும் விவரம் தாய்ப்பலகையில் உள்ள ஈப்ராம் என்ற சிறு நினைவகச் சில்லில் இருக்கிறது. ஆகவே ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே, பெட்டியின் மென்பொருள் பூட்டைத் திறந்து, ஈப்ராமின் நகலை வேறொரு கணினியில் சேமித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் பழைய டிஸ்க் செத்துப்போனால் பிறகு மீட்பது பெரும்பாடு. மோட்சிப் (பூட்டைத் தாண்டுவதற்காகத் தாய்ப்பலகையில் சேர்க்கும் சில்லு) இல்லாமல் மென்பொருள் வழியில் மட்டும் மாற்றியவர்கள், புதிய டிஸ்க்கையும் அதே சாவியால் பூட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

அந்த மென்பொருள் பூட்டைத் திறக்கும் வழி முன்பு சிக்கலாக இருந்தது: குறிப்பிட்ட சில விளையாட்டுகளின் அசல் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, சேமித்த ஆட்டக் கோப்பில் இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்த வேண்டும். 2024-இல் எண்ட்கேம் என்ற வழி வந்த பிறகு விளையாட்டு டிஸ்க்கே தேவைப்படுவதில்லை. ஒரு மெமரி கார்டு போதும், அல்லது கன்ட்ரோலர் துளையில் செருகும்படி முனை மாற்றிய யூஎஸ்பி பென்டிரைவ் போதும். அந்தத் துளை வடிவத்தில்தான் வேறு. உள்ளே ஓடுவது யூஎஸ்பி 1.1.

அடியில் உள்ள ஆறு திருகுகளும் நட்சத்திர முனை கொண்ட டி20 டார்க்ஸ் வகை. சில ரப்பர் கால்களுக்கு அடியிலும் சில ஒட்டுத்தாள்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். விரலால் தாளைத் தடவினால் பள்ளம் தெரியும். உள்ளே டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் பிடித்திருப்பவை டி10. இரண்டு முனைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள், பாதியில் எழுந்து கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

2025 ஜூன் 14, சற்றுப் பின்னர்
திறந்துவிட்டால் மூடுவதற்கு முன் கடிகாரக் கெபாசிட்டரைப் பாருங்கள். 1.0 முதல் 1.5 வரையிலான பதிப்புத் தாய்ப்பலகைகளில், மின்சாரம் இல்லாத சில மணி நேரம் கடிகாரத்தை ஓட்டுவதற்காக ஒரு ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டுகளில் அது கசிந்து, அருகில் உள்ள செம்புப் பாதைகளை அரித்துவிடும். என்னுடையதில் கசிவு கால்களைச் சுற்றி ஒரு பழுப்பு வளையமாக நின்றிருந்தது. முகர்ந்து பார்த்தால் கருவாட்டு வாடை. சால்டர் வைத்து அதைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் தேதி மறந்துபோகும், அவ்வளவுதான். எக்ஸ்பிஎம்சி இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

2025 ஜூன் 19
இனி மின்சாரக் கணக்கு. வாட் மீட்டரை இடையில் செருகிப் பார்த்ததில் என் எக்ஸ்பாக்ஸ் 65 வாட் அளவில் நிற்கிறது. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் சும்மா இருக்கும்போது தன்னைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்துக் கருவிகளுக்கு இல்லை. நாள் முழுவதும் ஓடவிட்டால், நம் மின்கட்டணக் கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 94 யூனிட். 2025 நிலவரப்படி தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைப்பது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அந்தச் சலுகையில் ஏறக்குறைய முழுவதையும் ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி விழுங்கிவிட்டு, மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஏறக்குறைய முதல் யூனிட்டிலிருந்தே கட்டண அடுக்கில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்குச் சூடாகி வீணாக்குவதை இதில் சேர்க்கவில்லை.

முதல் மாடல் பிஎஸ்3 இன்னும் மோசம். மெனு திரையில் சும்மா நிற்கும்போதே 170 வாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 245 யூனிட். ராஸ்பெர்ரி பை 4 போன்ற ஒன்று 5 வாட்டில் ஓடினால் அதே காலத்துக்கு 7 யூனிட்தான். "புதிதாக எதற்குச் செலவு" என்ற கேள்விக்கு என் பதில் இந்த எண்களில் இருக்கிறது. வாங்கும் விலை ஒருமுறை போகிறது. இது ஒவ்வொரு ரீடிங்குக்கும் வந்து நிற்கிறது.

2025 ஜூன் 20
தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அப்படிச் செய்தால் அது சர்வர் இல்லை, டிவிடி பிளேயர். அதைத்தான் நானும் பரிந்துரைக்கிறேன்.

2025 ஜூன் 28
பிஎஸ்3-இல் லினக்ஸ் ஏற்றலாம் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்ற முடிந்தது உண்மை. அதர்ஓஎஸ் என்ற அந்த வசதியை 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 பதிப்பு மென்பொருள் நீக்கிவிட்டது. அமெரிக்க விமானப்படை ஆயிரத்துக்கு மேற்பட்ட பிஎஸ்3-களை அடுக்கி மீக்கணினி கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும். உங்கள் பெட்டி 2010-க்குப் பிறகு ஒருமுறையாவது இணையத்தோடு இணைந்து புதுப்பிக்கப்பட்டிருந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று. மூடாமலே இருந்தாலும் லினக்ஸுக்குக் கிடைப்பது 256 எம்பி நினைவகம். வரைகலைச் சில்லை நேரடியாகத் தொட அனுமதி கிடையாது.

ஆனால் பிஎஸ்3 வேறெங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வாங்கிக் காட்டும் வேலையை நன்றாகச் செய்யும். வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சர்வரிலிருந்து படம் வாங்கும் டிஎல்என்ஏ வசதி 2007 முதல் அதில் இருக்கிறது, 1080பி எச்.264 படத்தைத் தடுமாறாமல் காட்டும். எம்கேவி உறை (படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் கோப்பு வடிவம்) மட்டும் அதற்குத் தெரியாது, எம்பி4 உறைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். உள்ளிருக்கும் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவது சில நிமிட வேலை. யூஎஸ்பி டிஸ்க்கை நேரடியாகச் செருகினால் ஃபேட்32 என்ற கோப்பு முறைமை மட்டுமே செல்லும், ஆகவே 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு போகாது. நெட்வொர்க் வழியாக வந்தால் அந்த எல்லை இல்லை. வாரத்தில் ஒரு படம் பார்க்க 170 வாட் ஓடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2025 ஜூலை 5
நிண்டெண்டோ வீ வைத்திருக்கும் ஒருவர், மின்சாரம்தான் பிரச்சினை என்றால் தன்னுடையது 15 வாட்தானே என்று இடைமறித்திருக்கிறார். சரியான வாதம். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். யூஎஸ்பி 2.0 இருக்கிறது, 88 எம்பி ரேம் இருக்கிறது, லினக்ஸ் போன்ற இயங்குதளமான நெட்பிஎஸ்டி இன்றும் அதில் ஏறும். பாட்டுக் கோப்புகளை மட்டும் வீட்டுக்குள் வழங்க அது போதும். கம்பியில்லா இணைப்பு பழைய ஜி வகை என்பதால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் சர்வர் என்ற பெயருக்கு ஓரளவு தகுதியுள்ள பழைய பெட்டி இதுதான் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

2025 ஜூலை 6
வீ பற்றி எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். நேற்று மாலை மழையில் மின்சாரம் போய் வந்தபோதுதான் இதன் கனம் உறைத்தது. சர்வர் என்பது மின்சாரம் திரும்பியதும் யாரும் தொடாமல் தானே எழ வேண்டும். ராஸ்பெர்ரி பை எழுந்துவிடும். எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்3, வீ மூன்றும் யாராவது பொத்தானை அழுத்தும் வரை உறங்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும் எக்ஸ்பாக்ஸ் ஒன்று உங்களிடம் இருந்தால் மகிழ வேண்டாம்: மேலே சொன்ன கசிவு, பவர் பொத்தானின் பாதையை அரித்துவிட்டது என்று பொருள்.

பிஎஸ்4-இல் லினக்ஸ் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில். செயலியில் எட்டுக் கருக்கள், 8 ஜிபி நினைவகம், எல்லாம் தாராளம்தான். ஆனால் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் அதன் பாதுகாப்பு ஓட்டையைப் புதிதாகப் பயன்படுத்தித்தான் லினக்ஸுக்குள் போக வேண்டும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் அதை விளக்கும் துணிவு எனக்கு இல்லை.

2025 ஜூலை 13
எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பிஎம்சி நிறுவி முடித்தும் வீட்டுக் கணினியின் பகிர்வு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. பழைய எக்ஸ்பிஎம்சி பேசுவது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை மட்டும். 2017 இலையுதிர்காலப் பதிப்பு முதல் விண்டோஸ் 10 அதை இயல்பாக நிறுவுவதில்லை. 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் லினக்ஸிலும் அது முடக்கத்தில் இருக்கிறது. வானாக்ரை என்ற கணினிப் புழு பரவியது அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் அதைத் திறந்துவிடாதீர்கள். தனியாக ஒரு சிறு பெட்டி இருந்தால், அதன் சாம்பா அமைப்பில் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (எஸ்எம்பி1-இன் சாம்பா பெயர்) என்று இறக்கி, எழுத அனுமதியில்லாத ஒரே ஒரு பகிர்வை மட்டும் திறந்து வையுங்கள். டிஎல்என்ஏவுக்கு அடிப்படையான யூபிஎன்பி வழியாகக் கொடுத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

எக்ஸ்பாக்ஸின் எஃப்டிபிக்கு இயல்பாக உள்ள பயனர் பெயரும் கடவுச்சொல்லும் "எக்ஸ்பாக்ஸ்" என்ற ஒரே சொல். ரூட்டரில் அதற்கு வெளியுலக வாசல் திறக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடவும்.

2025 ஜூலை 26
இதுவரை எழுதியதைப் படித்தால் எக்ஸ்பாக்ஸைப் பரணிலேயே விட்டுவிடச் சொல்வது போலத் தோன்றுகிறது. அப்படியிருந்தால் நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று நண்பர் கேட்டிருப்பது சரிதான். என்னுடையது இருப்பது ஊரில், அரசு 2006 முதல் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி ஒன்றின் அருகில். அந்தக் குழாய் டிவியில் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று துளைகள்தான். எக்ஸ்பாக்ஸுக்கு அவை போதும். அதில் ஓடுபவை எங்கள் குடும்பத்துத் திருமண டிவிடிக்கள்.

இந்த வேலைக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள பொருத்தம் வியப்பானது. எக்ஸ்பாக்ஸின் கோப்பு முறைமையான ஃபேட்எக்ஸ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. டிவிடியோ தன் படத்தை 1 ஜிபிக்கு மிகாத விஓபி துண்டுகளாகத்தான் வைத்திருக்கிறது. டிஸ்க்கை ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றாமல், உள்ளிருக்கும் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் மெனுவோடு சேர்த்து ஓடும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று வீடியோக்காரர் இதய வடிவச் சட்டங்களுக்குள் வைத்துக் கொடுத்த மெனு, 2005-இல் எப்படி மின்னியதோ அப்படியே மின்னுகிறது. எம்பெக்2-ஐப் பிரிப்பது அந்தச் செயலிக்குச் சிறு வேலை. பழைய டிஸ்க்குகளில் சில பூஞ்சை பிடித்துப் பாதியில் நிற்கின்றன. நகலெடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

2025 ஜூலை 27
ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டேன். அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் அனுப்புவது அந்த நாட்டுத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி. நம் ஊர்க் குழாய் டிவிகளில் பல அதை ஏற்கும். ஏற்காதவற்றில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். ஏற்றுக்கொண்டாலும், நொடிக்கு 25 சட்டங்கள் கொண்ட, நம் ஊர்த் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறைத் திருமணப் படம் 60 ஹெர்ட்ஸ் வெளியீட்டில் சீராக ஓடாது. கேமரா பந்தலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகரும்போது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் விட்டுவிட்டுத் தள்ளாடுவார்கள். ஈப்ராமில் காணொளி முறையைப் பால் முறைக்கு மாற்றினால் நிறமும் வரும், தள்ளாட்டமும் போகும். அப்படி மாற்றினால் காம்பொனன்ட் கேபிள் வழியாகக் கிடைக்கும் 480பி, 720பி வெளியீடுகள் கிடைக்காமல் போகும் என்பதால், தட்டைத் திரை வைத்திருப்பவர்களுக்கு இது நஷ்டம். குழாய் டிவி எப்படியும் அவற்றைக் காட்டப்போவதில்லை என்பதால் எங்களுக்கு நஷ்டமே இல்லை. மாற்றுவதற்கு முன் ஈப்ராம் நகல் கையில் இருக்க வேண்டும். இதை ஏற்கனவே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 3
கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஃபேட்எக்ஸில் பெயர் 42 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும், அதுவும் ஆங்கில எழுத்தாக இருக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக வரும் பெயர்களுக்கு அந்த எல்லை இல்லை என்றாலும், எக்ஸ்பிஎம்சியின் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வெறும் கட்டங்கள் தெரியும். தமிழ் எழுத்துருவை நாமே ஏற்றினால் கொம்பும் காலும் தத்தம் எழுத்தைவிட்டுத் தனித்தனியாக நிற்கும். ஆண்டை முதலில் போட்டு, பிறகு மணமக்கள் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தால் வரிசையும் தானாக அமைந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 9
இறுதியாக உங்கள் இரண்டு பெட்டிகளுக்கு. எக்ஸ்பாக்ஸைத் திறந்து கெபாசிட்டரை எடுத்துவிட்டு, பழைய டிவி இருக்கும் வீட்டுக்கு அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது 100 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையின் அளவான வோல்ட் ஆம்பியர்) என்று ஒட்டி நிற்கும் அளவை வாங்காமல் 300 விஏ வாங்குங்கள். மெல்லிய ரீங்காரம் இருக்கும், டிவிக்குப் பின்னால் தள்ளி வைத்தால் கேட்காது. படம் முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மரின் சுவிட்சையும் சேர்த்து அணைக்க வேண்டும். பிஎஸ்3-இல் ஒரு ப்ளூரே டிஸ்க்கைப் போட்டு லென்ஸ் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால் அதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். சர்வருக்குச் சிறு பெட்டி ஒன்றும், தனி மின்சாரத்தில் ஓடும் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள். எந்த டிஸ்க் என்று கேட்டிருந்தீர்கள்: திருமண டிவிடி ஒன்று 4.7 ஜிபி, உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.